தமிழறியாதவர் இயக்கிய தமிழ்ப் படங்கள்

திரைப்படத்தில் நல்ல தமிழ் வேண்டுமென்று எவரேனும் கேட்டால், படமெடுப்போர் இரண்டு விடைகளை ஆயத்தமாக வைத்திருக்கின்றனர். திரைப்படம் மேலை நாட்டினின்று வந்த கலை. அதன்மேல் தமிழ்த் தூய்மையைச் சுமத்துதல் பொருந்தாது என்பது ஒன்று. நல்ல தமிழ் பேசினால் படம் ஓடாது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பொய் என்பதற்குத் தமிழ்ப் புலவரிடம் சென்று சான்று தேடவேண்டியதில்லை. தமிழ் கற்றறியாத ஓர் அமெரிக்கரின் வாழ்க்கையே போதிய சான்றாகும்.

அவர் எல்லிசு தங்கன். படங்களின் முகப்பில் 'டங்கன்' என்றே அவர் பெயர் எழுதப்பட்டது. டகரம் தமிழில் மொழிமுதலாகாதாகலின் இங்குத் தங்கன் எனப்படுகின்றது. ஆறு திங்கள் பார்த்துப் போவோம் என்று வந்து பதினைந்தாண்டுகள் தங்கிவிட்டவர்க்கு அப்பெயர் பொருத்தமில்லாததும் அன்று.

தங்கன் 1909-ஆம் ஆண்டு மே 11-ஆம் நாள் அமெரிக்க நாட்டின் ஒகையோ மாநிலத்தில், பார்ட்டன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தென்கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் திரைக்கலை பயின்றார். அங்கே அவரோடு பயின்ற வடஇந்திய மாணவர் மாணிக்கலால் தாண்டன் என்பார், இந்தியாவிற் படமெடுக்கலாம் வா என்றழைக்க, 1935-இல் கப்பலேறினார். தாண்டன் அப்போது கே. பி. சுந்தராம்பாள் நடித்த 'நந்தனார்' படத்தை இயக்கும் பொறுப்பேற்றிருந்தார். தங்கன் நண்பர்க்குத் துணையாக நின்றார். தமிழ்த் திரையோடு அவர்க்கு உண்டான முதல் தொடர்பு அதுவே.

அந்நாளைத் தமிழ்த் திரையின் நிலையை ஒருவாறு எண்ணிப் பார்த்தல் வேண்டும். முதல் தமிழ்ப் பேசும்படம் என்று கொண்டாடப்படும் 'காளிதாசு' 1931 அக்தோபர் 31-ஆம் நாள் வெளிவந்தது. பம்பாயில் எடுக்கப்பட்ட அப்படத்தில் தலைவியாக நடித்த தி. பொ. இராசலட்சுமி தமிழில் பேச, எதிரே நின்றவர் தெலுங்கில் மறுமொழி கூறினார். முதற் பேச்சிலேயே பாதி பிறமொழி! 1934-இல் வந்த 'பவளக்கொடி'யிலோ ஐம்பது பாடல்கள். பேச்சு என்பது பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே நடிகர் மூச்சு வாங்குதற்கு அமைந்த இடைவெளியாக இருந்தது. 'நந்தனார்' படத்திற்கு அம்மையார் சுந்தராம்பாள் பெற்ற தொகை ஒரு நூறாயிரம் உருபா என்பது நாடறிந்த செய்தி. குரலுக்கு அத்துணை விலை கொடுத்த படமுதலாளிகள் மொழிக்கு என்ன கொடுத்தனர்? நாடக மேடையிற் புழங்கிய மணிப்பிரவாள நடையை, அதன் 'நாதா', 'பிராணபதே' முதலிய விளிகளோடு அள்ளிவந்து ஒலிவாங்கியின்முன் கொட்டினர். அந்நடையை எவரும் தமிழ்மீது திணித்ததாகக் கூடக் கருதவில்லை. அதுவே தமிழ் என்று மக்கள் எண்ணும்படி ஆயிற்று.

இந்நிலையிற்றான் கோவை மருதாசலஞ் செட்டியார் 'சதி லீலாவதி'யை எடுக்க முன்வந்தார். தாண்டனுக்கு ஓய்வில்லை, அவர் தம் நண்பரைச் சுட்டினார். 1936 மார்ச்சில் வெளிவந்த அப்படம், ம. கோ. இராமச்சந்திரன், என். எசு. கிருட்டிணன், டி. எசு. பாலையா ஆகியோர்க்கு முதற்படம் என்ற வகையில் இன்றும் பேசப்படுகின்றது. தங்கனைப் பற்றித் தமிழ்நாட்டில் எவர் எழுதினாலும் இச்செய்தியைத் தொடாமல் எழுதுவதில்லை. பலர் இதனோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு. எழுதத்தக்க செய்தி வேறொன்றுண்டு. அப்படத்தின் கதை, எசு. எசு. வாசன் தம் இதழில் தொடராக எழுதியது. அதற்கு மூலமோ, என்றி உட் அம்மையார் 1860-இல் எழுதிய ஆங்கிலப் புதினம். இயக்கியவர் அமெரிக்கர், கதைக்கரு ஆங்கிலம், தலைப்பில் உள்ள இரு சொல்லும் வடசொல். தமிழர்க்கென்று அப்படத்தில் எஞ்சி நின்றது நடிகர் வாயிலிருந்து வரும் பேச்சு ஒன்றே. அதனைத் தமிழாக்கும் பொறுப்பும் உரிமையும் தமிழரிடமே இருந்தன. எவரும் தடுக்கவில்லை.

மொழி தெரியாத ஒருவர் எவ்வாறு ஒரு படத்தை இயக்கினார் என்று வியப்போர் உளர். மொழிபெயர்ப்புத் துணையோடு காட்சியின் பொருளை உணர்ந்துகொண்டு, பிறவற்றைக் கண்ணாலேயே அளந்தார் என்பதே விடை. பின்னிருக்கையில் இருப்போர்க்குங் கேட்கும்படி கத்திப் பழகிய நாடகக் குழு நடிகர்களை, அருகில் நிற்பவரோடு பேசுவது போலப் பேசச் செய்தார். ஓரிடத்தில் நட்டுவைத்த கல்லாக நின்ற படக்கருவியை நகரச் செய்தார். அப்பிய மாவுப்பூச்சு போய், ஒளிக்கேற்ற ஒப்பனை வந்தது. இவையெல்லாம் அவர் தந்த கொடை. இதனை மறைத்தல் நன்றி கொல்வதாகும். மேலை நாட்டுக் கேளிக்கை நடனத்தையும் அவரே கொணர்ந்து புகுத்தினார் என்பதையும் உடன் சொல்லிவிடல் வேண்டும். அதற்குத் தமிழர் நன்றி பாராட்டக் கடமைப்பட்டவர் அல்லர்.

ஆனால் உரையாடலில் மட்டும் அவர் கை வைக்க இயலவில்லை. இது சொல் நன்று, இது சொல் தீது என்று கூற அவர்க்கு அறிவில்லை. ஆகவே தங்கன் படங்களில் உள்ள தமிழ், கலப்படமற்ற ஓர் ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்தாற்போல, எழுதியவரின் தமிழாகவே நமக்குக் கிடைக்கின்றது. எழுதியவர் தமிழ்ப்பற்று உடையவராயின் படம் தமிழ் பேசிற்று, அல்லராயின் பேசவில்லை.

'அம்பிகாபதி'யை எடுத்துக்கொள்வோம். 1937-இல் வெளிவந்தது. சென்னை மாநிலத்தில் இராசகோபாலாச்சாரியார் அமைச்சரவை அமைத்து, பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கும் பேச்சைத் தொடங்கிய ஆண்டு அது. தமிழ் வாழுமா என்ற வினா தெருவுக்கு வந்த அவ்வாண்டில், கம்பர் மகன் அம்பிகாபதி சோழன் மகள் அமராவதியின்மேற் கொண்ட காதலும், சிற்றின்பம் விரவாத நூறு பாடல் பாடினால் உயிர் தப்பலாம் என்ற கட்டளையும், காப்புச் செய்யுளையுஞ் சேர்த்து எண்ணிவிட்டமையால் ஒன்று குறைந்து அவன் உயிர் போனதும் திரைக்கு வந்தன. ம. கி. தியாகராச பாகவதரும் சந்தானலட்சுமியும் நடித்தனர். பாலையா கொடியவனாக வந்தார்.

இப்படத்திற்கு உரையாடல் எழுதியவர் இளங்கோவன். அவர்க்குப் பெற்றோர் இட்ட பெயர் தணிகாசலம். வடமொழி ஒட்டிய அப்பெயரை விடுத்துச் சிலம்பு யாத்த அடிகளின் பெயரை ஏற்றவர் என்பதொன்றே அவர் நெஞ்சு எப்பக்கம் சாய்ந்தது என்பதைக் காட்டும். 'மணிக்கொடி' எழுத்தாளர் வட்டத்தைச் சார்ந்த இவரிடம், சேக்சுபியரின் 'உரோமியோவும் சூலியத்தும்' நாடகக் காதற்காட்சிகளின் அழகு தமிழில் வரவேண்டுமென்று தங்கன் கேட்டார் எனத் திரை வரலாறு எழுதியோர் குறிப்பர். இவ்விடத்திற்றான் நின்று எண்ணுதல் வேண்டும். அமெரிக்கர் கேட்டது மேலை நாட்டுச் சரக்கு. கேட்டதைக் கேட்டபடியே மொழிபெயர்த்துத் தருபவராக இளங்கோவன் இருந்திருப்பின், மேடை மணிப்பிரவாளம் போய் ஆங்கிலத் தமிழ் ஒன்று வந்திருக்கும். அவரோ, காதலர் பேசும் மொழியைத் தமிழ் இலக்கியத்தினின்று வடித்தார். விளிகளும் அடுக்குகளும் நீங்கிய, ஓசை நயமுடைய உரைநடை திரையில் முதன்முதலாக ஒலித்தது. படம் ஓராண்டளவும் ஓடியது. உரையாடல் எழுதுபவர்க்கென்று தனிப்பெயரும் மதிப்பும் தமிழ்த் திரையில் ஏற்பட்டது அப்படத்தினாலேயே.

நல்ல தமிழ் ஓடாது என்போர்க்கு 1937-ஆம் ஆண்டே விடை கூறிவிட்டது.

அதே இளங்கோவன் 1942-இல் 'கண்ணகி'க்கு எழுதினார். அப்படம் தங்கனுடையதன்று, எனினும் ஒரு செய்திக்காக இங்கு நினைக்கத் தக்கது. கண்ணகியாக நடித்த கண்ணாம்பா கடப்பையிற் பிறந்த தெலுங்கர். அவர் பாண்டியன் அவையில் முழங்கிய தமிழைக் கேட்டுத் தமிழ்நாடு மெய்சிலிர்த்தது. இயக்கியவர்க்குத் தமிழ் தெரியாமையும், நடித்தவர்க்குத் தாய்மொழி தமிழல்லாமையும் தடையாக இல்லாதபோது, இரண்டும் தமிழாகவே உள்ள இற்றை நாளில் நடிகர் வாயில் தமிழ் ஏன் ஏறவில்லை?

இடைப்பட்ட படங்களைப் பற்றி மிகுதியாகச் சொல்லவேண்டியதில்லை. 1940-இல் 'காளமேகம்' எடுக்கப்பட்டது. வசைபாடக் காளமேகம் என்று புகழ்பெற்ற பாவலர் உறுப்பில், நாகசுரப் பேரரசர் திருவாவடுதுறை இராசரத்தினம் நடித்தார். எழுத்துப் பணியில் பாரதிதாசனே பங்கு கொண்டும் படம் தோற்றது. நாகசுரம் வாசிப்பவரை இருபொருட் பாட்டுப் பாடுபவராக நிறுத்தினால் என்னாகும்? புகழை நம்பிப் பொருத்தத்தை மறந்த படம் அது; அதன் தோல்வியைத் தமிழின் தலையிற் சுமத்தவியலாது. அதே ஆண்டிற் 'சகுந்தலை' வந்தது, எம். எசு. சுப்புலட்சுமியும் சி. என். பாலசுப்பிரமணியமும் நடித்தனர். 1945-இல் 'மீரா', கல்கி பாடல்கள் எழுதினார். அதற்கெனச் சுப்புலட்சுமியின் முகத்தைச் சுதையில் வார்த்துவைத்து, ஒளி எப்பக்கம் விழுந்தால் எவ்வாறு தோன்றும் என்று தங்கன் ஆய்ந்தார் என்பர். ஒரு முகத்தின்மேல் விழும் ஒளிக்கு அத்துணைப் பாடு! 1947-இல் அது இந்தியிலும் வெளியிடப்பட்டது. வடவர் கதையை, வடவர் தெய்வப் பாட்டியின் கதையைத் தமிழ்நாட்டின் பொருளுங் குரலுங் கொண்டு செய்து மீண்டும் வடவர்க்கே படைத்த அம்முயற்சியை வியந்து போற்றியோர் பலர். வடநாட்டுப் படமுதலாளி எவரேனும் ஆண்டாள் கதையை அவ்வாறு எடுத்துத் தமிழர்க்குப் படைத்தாரா என்று அன்று எவரும் கேட்டிலர்.

தங்கன் வாழ்விற் சிறந்த ஆண்டு 1950. அதுவே தமிழ்நாட்டில் அவர்க்குக் கடைசி ஆண்டுமாயிற்று. சேலம் மாடர்ன் தியேட்டர்சு உரிமையாளர் டி. ஆர். சுந்தரம், பாவேந்தரின் 'எதிர்பாராத முத்தம்' என்னும் பாவியத்தைப் 'பொன்முடி' என்ற பெயரில் எடுக்க முனைந்தார். 1938-இல் வெளிவந்த அந்நூலின் கதையை உரையாடலோடு திரைக்கு ஆக்கித் தந்தவரும் பாவேந்தரே. நரசிம்ம பாரதியும் மாதுரி தேவியும் காதலராக நடித்தனர். அவ்வாண்டுப் பொங்கலையொட்டிப் படம் வெளிவந்தது.

வந்தவுடன் கூக்குரல் எழுந்தது. காதற்காட்சிகள் வரம்பு கடந்தன. வெள்ளைக்காரன் தன் நாட்டு ஒழுக்கத்தை இங்கே கொண்டுவந்து கொட்டிவிட்டான் என்றனர். காதலரை நெருங்கி நிற்கச் செய்தவர் தங்கன் என்பது மெய்யே. ஆயின் காதல் எங்கிருந்து வந்தது? நூலின் பெயரிலேயே முத்தம் இருந்ததே! அதனைப் பாடியவர் புதுவைத் தமிழரே அன்றி ஒகையோக்காரர் அல்லர். பெற்றோர் பகைக்கு அஞ்சாது தலைவனுந் தலைவியும் ஒருவரையொருவர் தேடுதலைக் களவு என்று பெயரிட்டு இலக்கணம் வகுத்த மொழி தமிழ். குறுந்தொகையைப் படித்தவர் எவரும் 'பொன்முடி'யைக் கண்டு அஞ்சியிருக்க மாட்டார். புராணப் படங்களில் முனிவரின் தவத்தைக் குலைக்க ஆடும் மகளிரை இமை கொட்டாமற் பார்த்த கூட்டம், மணம் பேசிவைத்த தமிழ்க் காதலர் இருவர் கைகோத்து நின்றால் நாணத்தாற் கண்ணை மூடிக்கொண்டது. கண்ணை மூடியதற்குக் கரணியம் ஒழுக்கமன்று. அக்காதலைத் தமிழில், தமிழ்ப் பெயர் தாங்கிய பொன்முடியும் பூங்கோதையும் பேசினர் என்பதே சிலர்க்கு உறுத்திற்று என்று கருத இடமுண்டு.

இவ்விடத்தில் தங்கனின் அறியாமை தமிழ்க்கு நன்மையாயிற்று என்றே கூறலாம். தமிழ் தெரிந்த இயக்குநர் ஒருவர், 'இச்சொல் மக்களுக்கு விளங்காது, மாற்றுங்கள்' என்று பாவேந்தரிடம் பேரம் பேசியிருப்பார். தங்கனுக்கு எல்லாச் சொல்லும் ஒன்றே. 'தாமரை' எளிது, 'மரைமலர்' அரிது என்ற அச்சம் அவர்க்கில்லை. எழுதியவர் எழுதியதை நடிகர் பேசினர். அவர் படம் பிடித்தார்.

அடுத்து வந்தது 'மந்திரி குமாரி'. ஐம்பெருங் காப்பியங்களுட் குண்டலகேசி முழுமையாகத் தமிழர்க்குக் கிட்டவில்லை. சில பாடல்களே தப்பின. கதையைப் பிற நூலுரைகளின் வழியே அறிகின்றோம். தன்னை மலையுச்சிக்கு அழைத்துச்சென்று கொல்லத் துணிந்த கள்வனாகிய கணவனை, இறுதியாக வலம் வந்து வணங்குவதுபோற் சுற்றிவந்து தலைவி கீழே தள்ளிவிடும் நிகழ்ச்சியை மு. கருணாநிதி நாடகமாக எழுதினார். பின் அவரே திரைக்கும் உரையாடல் எழுதினார். ம. கோ. இராமச்சந்திரன் படைத்தலைவனாக வந்தார். பகலில் அரசகுருவின் மகனாகவும் இரவில் கொள்ளைக்காரனாகவும் திரியும் பார்த்திபனாக எசு. ஏ. நடராசன் நடித்தார். அரசகுரு நம்பியார். 1950 சூன் திங்களில் வெளிவந்த இப்படம், வெள்ளிப்பேழையில் வைத்துப் பூட்டப்படாமல் அழிந்துபோன ஒரு காப்பியத்தின் பெயரைக் குடிசைகளில் வாழ்வோரும் அறியச் செய்தது. அம்மலையுச்சிக் காட்சி தமிழ்த் திரையில் இன்றும் மறக்கப்படவில்லை. தாலி கட்டியவன் கொலைஞன் எனினும் அவன் காலில் விழுந்து மடிவதே கற்பு என்று கற்பித்துவந்த 'சதி' படங்களுக்கு அது தக்க மறுமொழி. 'சதி லீலாவதி'யில் தொடங்கிய ஓர் இயக்குநர் 'மந்திரி குமாரி'யில் வந்து முடிந்தார் என்பதில் தமிழ்நாடு பதினான்கு ஆண்டுகளில் நடந்த தொலைவு தெரிகின்றது.

படம் முற்றும் முடியுமுன்னரே தங்கன் அமெரிக்கா திரும்பினார். எஞ்சியதைச் சுந்தரம் முடித்தார். இருவர் பெயரும் இயக்குநராக இடம்பெற்றன. தாயகம் சென்ற தங்கன், மேலை வர்சீனியாவில் வீலிங்கு நகரில் அமர்ந்து ஆவணப் படங்கள் எடுத்து வாழ்ந்தார். 2001-இல் தம் வாழ்க்கை வரலாற்றை நூலாக்கினார். அவ்வாண்டு திசம்பர் முதல் நாள், தொண்ணூற்றிரண்டாம் அகவையில் மறைந்தார். எம். சி. ஆரை அறிமுகம் செய்த அமெரிக்கர் என்ற பெயர் அவர்க்கு நிலைத்தது. அவர் படங்களுக்குத் தமிழ் தந்த இளங்கோவன் பெயரை இன்று கேட்டறிந்த இளைஞர் நூற்றுக்கு ஒருவர் இருப்பாரா என்பது ஐயமே.

இனி, படத் தலைப்புகளைப் பற்றிய ஒரு செய்தி. தமிழ்ப் பெயர் வைத்தால் கேளிக்கை வரி இல்லை என்று 2006-இல் தமிழக அரசு ஆணையிட்டது. 'எம்டன் மகன்' உடனே 'எம் மகன்' ஆனான். முந்திய நாள்வரை 'பொருத்தமான தமிழ்ச்சொல் கிடைக்கவில்லை' என்று கைவிரித்தவர்களுக்கு, வரி என்றதும் தமிழ்ச்சொல் கிடைத்துவிட்டது! 2017-இல் சரக்கு சேவை வரி வந்து பழைய வரிமுறை மாறவே, கிடைத்த சொல் மீண்டும் தொலைந்து போயிற்று. 'மாசுட்டர்' 2021-இலும் 'பீசுட்டு' 2022-இலும் வந்தன. இவற்றின் முதலாளி, இயக்குநர், எழுத்தாளர், தலைமை நடிகர் எவரும் ஒகையோவிலிருந்து கப்பலேறி வந்தவர் அல்லர்.

தமிழியக்கத்தார் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவரும் இதில் முழுத்தூயர் அல்லர். 'மந்திரி குமாரி' என்ற பெயரில் உள்ள இரண்டும் வடசொல்லே. அமைச்சன் மகள் என்றிருந்தால் மக்கள் கொட்டகைக்கு வராது நின்றுவிட்டிருப்பரோ? அதே 1950-இல், அதே கருணாநிதி எழுதி, அதே ம. கோ. இரா. நடித்து, வேறொரு படமும் வந்தது. அன்று வரிவிலக்கு என்ற பேச்சே இல்லை. அப்படத்தின் பெயர் 'மருதநாட்டு இளவரசி'. அதுவும் நன்றாகவே ஓடியது.